வில்லனுக்கும் ஒரு கதை உண்டு!

"பொம்மைப் படம்தானே! குழந்தை பார்த்துக்கொண்டு இருக்கட்டும்."

பல வீடுகளில் இப்படித்தான் சொல்கிறார்கள். டெலிவிஷனைப் போட்டுவிட்டு அம்மா சமையல் அறைக்குப் போய்விடுகிறார். அப்பா வேறு வேலையைப் பார்க்கிறார். குழந்தை தனியாக உட்கார்ந்து பார்க்கிறது.

பொம்மைப் படம் என்றால் நமக்கு அவ்வளவு இளப்பம்!

ஆனால் எல்லாப் பொம்மைப் படமும் ஒன்று அல்ல. அப்பா, அம்மா, குழந்தை மூவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டிய பொம்மைப் படமும் உண்டு. அப்படி ஒன்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவில் வந்தது. அதன் பெயர் "பேட்மேன்". அதாவது, வவ்வால் மனிதன்.

அதை இன்று மறுபடியும் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கும் காட்ட வேண்டும். ஏன்? சொல்கிறேன், கேளுங்கள்.

வவ்வால் வேடம்

பேட்மேன் கதை மிகவும் பழையது. 1939-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு படக்கதைப் புத்தகத்தில் முதலில் வந்தது. பாப் கேன், பில் பிங்கர் என்ற இருவர் அதை உண்டாக்கினார்கள்.

கதை இதுதான். காத்தம் என்று ஒரு நகரம். கற்பனை நகரம். அங்கே புரூஸ் வேய்ன் என்று ஒரு பணக்காரச் சிறுவன். ஒரு நாள் இரவு, அவனுடைய கண் எதிரிலேயே அவனுடைய அப்பாவையும் அம்மாவையும் ஒரு திருடன் சுட்டுக் கொன்றுவிட்டான். சிறுவன் அனாதை ஆனான். வீட்டு வேலைக்காரர் ஆல்பிரட் அவனை வளர்த்தார்.

அவன் பெரியவன் ஆனான். இரவில் வவ்வால் வேடம் போட்டுக்கொண்டு கிளம்பினான். திருடர்களைப் பிடித்துப் போலீசில் ஒப்படைத்தான். துப்பாக்கியை மட்டும் அவன் தொடுவது இல்லை. யாரையும் கொல்வதும் இல்லை. ஏன் என்றால், துப்பாக்கி என்ன செய்யும் என்பதை எட்டு வயதிலேயே பார்த்தவன் அவன்.

இந்தக் கதையை 1966-ம் ஆண்டு முதல் 1968 வரை டெலிவிஷனில் நடித்துக் காட்டினார்கள். ஆடம் வெஸ்ட் என்ற நடிகர் பேட்மேனாக நடித்தார். அது வேடிக்கை நாடகம். பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

பிறகு, 1992-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 5-ந் தேதி, பொம்மைப் படமாக ஒரு தொடர் ஆரம்பம் ஆனது. அது வேடிக்கைக்காக எடுத்தது அல்ல. மொத்தம் 85 கதைகள். 1995-ம் ஆண்டு வரை வந்தன. ஒவ்வொன்றும் அரை மணி நேர நிகழ்ச்சி. நான் சொல்வது அந்தத் தொடரைத்தான்.

கறுப்புத் தாள்

அந்தத் தொடரை உருவாக்கியவர்கள் புரூஸ் டிம், எரிக் ராடோம்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்கள். அவர்கள் ஒரு புதுமை செய்தார்கள்.

பொம்மைப் படத்துக்கு வழக்கமாக வெள்ளைத் தாளில்தான் படம் வரைவார்கள். இவர்கள் கட்டடங்களையும் தெருக்களையும் கறுப்புத் தாளில் வரையச் செய்தார்கள். இருட்டு முதலிலேயே இருக்கும். வெளிச்சம் விழும் இடத்துக்கு மட்டும் வர்ணம் பூச வேண்டும். அதனால் அந்த நகரம் எப்போதும் இரவில் மூழ்கியது போல் இருக்கும். ஜன்னல் வெளிச்சம் தனியாகத் தெரியும்.

அந்த நகரத்தில் ஓடும் கார்கள் 1940-ம் ஆண்டுக் கார்களைப் போல் இருக்கும். வீட்டு டெலிவிஷனில் கறுப்பு-வெள்ளைப் படம் தெரியும். ஆனால் பேட்மேனிடம் கம்ப்யூட்டர் இருக்கும்! இது எந்தக் காலம் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் இன்று பார்த்தாலும் அது பழையதாகத் தெரியவில்லை.

ஆரம்பத்தில் ஒரு நிமிடம் ஓடும் காட்சி வரும். இரண்டு திருடர்கள் பாங்கியில் கொள்ளை அடித்துவிட்டுக் கூரை மீது ஓடுவார்கள். பேட்மேன் வந்து பிடிப்பான். ஒரு வார்த்தைகூடப் பேச்சு இல்லை. படத்தின் பெயரைக்கூடப் போடவில்லை! பார்த்தால் புரியும் என்ற நம்பிக்கை. குழந்தைகளின் புத்தியை அவர்கள் குறைவாக எடை போடவில்லை.

பின்னணி இசைக்கு வாத்தியக் குழுவை வைத்துக்கொண்டார்கள். ஷெர்லி வாக்கர் என்ற பெண்மணி அந்த இசைக்குப் பொறுப்பாக இருந்தார். பேட்மேனுக்குக் குரல் கொடுத்தவர் கெவின் கான்ராய் என்ற நாடக நடிகர். இவர் இரண்டு குரலில் பேசினார். பணக்கார புரூஸ் வேய்ன் பேசும்போது லேசான குரல். பேட்மேன் பேசும்போது ஆழமான குரல். குரலைக் கேட்டே இது யார் என்று சொல்லிவிடலாம். கான்ராய் 2022-ம் ஆண்டு நவம்பர் மாதம் காலமானார்.

படமும் நன்று. இசையும் நன்று. ஆனால் அதற்காக மட்டும் இதைப் பாருங்கள் என்று நான் சொல்லவில்லை. வேறு ஒரு பெரிய காரணம் இருக்கிறது.

பனி மனிதன்

இந்தத் தொடரில் வரும் வில்லன்களுக்கு ஒரு கதை இருக்கிறது. அதுதான் காரணம்.

மிஸ்டர் பிரீஸ் என்று ஒரு வில்லன். எதிரில் வருபவர்களைப் பனிக்கட்டியாக உறையவைக்கும் துப்பாக்கி வைத்திருப்பான். 1959-ம் ஆண்டு முதலே படக்கதைகளில் அவன் உண்டு. அப்போதெல்லாம் அவன் வெறும் பனித் திருடன். அவன் ஏன் அப்படி ஆனான் என்று யாரும் கவலைப்படவில்லை.

1992-ம் ஆண்டில் பால் டினி என்ற எழுத்தாளர் அவனுக்கு ஒரு புதுக் கதை எழுதினார்.

விக்டர் என்று ஒரு விஞ்ஞானி. அவனுடைய மனைவி நோரா. அவளுக்குத் தீராத வியாதி. மருந்து கண்டுபிடிக்கும் வரை அவளுடைய உயிரைக் காப்பாற்ற வேண்டும். அதற்காக அவளைக் குளிரில் உறையவைத்து ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறான் விக்டர்.

அவன் வேலை பார்க்கும் கம்பெனியின் முதலாளிக்கு இது தெரிந்துவிட்டது. "என் பணத்தில் இதெல்லாம் செய்கிறாயா? மெஷினை நிறுத்து!" என்கிறான். விக்டர் கெஞ்சுகிறான். முதலாளி கேட்கவில்லை. தகராறு நடக்கிறது. விக்டர் ரசாயனங்களின் மேல் போய் விழுகிறான். பிழைத்துக்கொள்கிறான். ஆனால் அதன் பிறகு கடுங்குளிரில் மட்டும்தான் அவனால் உயிர் வாழ முடியும். மனைவியையும் இழந்துவிட்டான்.

அந்த முதலாளிக்கோ ஊரில் பெரிய பெயர். "இந்த ஆண்டின் சிறந்த மனிதாபிமானி" என்று பட்டம் கொடுத்துப் பாராட்டு விழா நடத்துகிறார்கள்! அந்த விழாவுக்குள் துப்பாக்கியுடன் நுழைகிறான் பனி மனிதன்.

இப்போது பேட்மேன் என்ன செய்ய வேண்டும்?

சூப் செய்த வேலை

இங்கே ஒரு வேடிக்கை. அன்று பேட்மேனுக்கு ஜலதோஷம்! கிளம்பும்போது, ஆல்பிரட் ஒரு பிளாஸ்க்கில் சுடச்சுடக் கோழி சூப் ஊற்றிக் கொடுத்து அனுப்புகிறார். சண்டையில் பேட்மேன் தோற்கும் நிலை வந்துவிட்டது. அந்தச் சமயத்தில் சூப் பிளாஸ்க்கை எடுத்துப் பனி மனிதனின் கண்ணாடிக் கவசத்தின் மேல் அடிக்கிறான். குளிர்ந்த கண்ணாடியில் சுடு சூப் பட்டதும் கவசம் விரிசல் விடுகிறது. பனி மனிதன் விழுகிறான்.

கதை அதோடு முடியவில்லை. பேட்மேன் முதலாளியைப் பார்க்கிறான். அன்று நடந்த அக்கிரமம் முழுவதும் பதிவான வீடியோ டேப் அவனிடம் இருக்கிறது. அதைப் பத்திரிகைக்காரப் பெண்ணிடம் கொடுத்துவிடுகிறான். "சிறந்த மனிதாபிமானி"யின் சாயம் வெளுத்தது!

கடைசிக் காட்சி. பனி மனிதன் சிறை அறையில் தனியாக இருக்கிறான். கையில் ஒரு சிறு பொம்மை. மனைவியின் நினைவுக்கு அதுதான் மிச்சம். அதைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிறான்.

இதைக் குழந்தை பார்க்கிறது. என்ன புரிந்துகொள்ளும்?

தப்புச் செய்தவன் தண்டனை பெற்றான். அது நியாயம். ஆனால் அவன் பிறக்கும்போதே கெட்டவன் அல்ல. அவனை அப்படி ஆக்கியவன் ஒருவன் இருக்கிறான். அவன் நல்ல சட்டை போட்டுக்கொண்டு மேடையில் மாலை வாங்குகிறான்.

இதைவிடப் பெரிய பாடம் என்ன வேண்டும்? இந்தக் கதைக்கு எழுத்துக்கான எம்மி பரிசு கிடைத்தது. எம்மி என்பது அமெரிக்க டெலிவிஷனில் பெரிய பரிசு. படக்கதைப் புத்தகக்காரர்களும் பழைய பனித் திருடனை விட்டுவிட்டு, இந்த விக்டரின் கதையையே எடுத்துக்கொண்டார்கள்.

நண்பனின் இரண்டு முகம்

இன்னொரு கதை. ஹார்வி டென்ட் என்று ஒரு அரசாங்க வக்கீல். நேர்மையானவர். புரூஸ் வேய்னின் நண்பர். ஊரே அவரைப் புகழ்கிறது.

ஆனால் அவருக்குள் அடக்கிவைத்த கோபம் இருக்கிறது. சின்ன வயதில் தன்னை வம்புக்கு இழுத்த ஒரு பையனை அவர் அடித்துவிட்டார். மறுநாள் அந்தப் பையன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். உண்மையில் அவனுக்கு வந்தது குடல் நோய். அடியால் அல்ல. ஆனால் "என்னால்தான் இப்படி ஆயிற்று" என்று சிறுவன் ஹார்வி பயந்துவிட்டான். அன்று முதல் கோபமே படக்கூடாது என்று எல்லாவற்றையும் விழுங்கினான். விழுங்கிய கோபம் உள்ளேயே வளர்ந்தது. ஒரு வெடி விபத்தில் அவருடைய முகம் பாதி சிதைந்தபோது, அந்தக் கோபம் வெளியே வந்துவிட்டது. "இரட்டை முகன்" என்ற கொள்ளைக்காரன் ஆகிவிட்டார். நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, பூவா தலையா என்று நல்லதையும் கெட்டதையும் தீர்மானிக்கிறார்.

தாய்மார்களே, தந்தைமார்களே! நம் வீட்டில் "கோபப்படாதே, வாயை மூடு!" என்று எத்தனை முறை சொல்கிறோம்? கோபம் ஏன் வந்தது என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? இந்தக் கதையைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வி மனதில் குத்தும்.

சர்க்கஸ் சிறுவன்

பேட்மேனுடன் ராபின் என்று ஒரு வாலிபன் இருப்பான். அவனுடைய கதை இரண்டு பகுதியாக 1993-ம் ஆண்டில் வந்தது.

ராபினின் பெற்றோர் சர்க்கஸில் ஊஞ்சல் வித்தை செய்பவர்கள். ஒரு ரவுடி சர்க்கஸ் முதலாளியிடம் மாமூல் கேட்டான். முதலாளி கொடுக்கவில்லை. ரவுடி ஊஞ்சல் கயிற்றைக் கெடுத்துவைத்தான். வித்தை நடந்துகொண்டு இருக்கும்போதே கயிறு அறுந்தது.

இதை எப்படிக் காட்டினார்கள் தெரியுமா? அவர்கள் கீழே விழுவதைக் காட்டவில்லை. ஊஞ்சல் ஆடிப் போகிறது. அறுந்த கயிறு மட்டும் திரும்பி வருகிறது. அவ்வளவுதான். ரத்தம் இல்லை. அலறல் இல்லை. ஆனால் பார்ப்பவர் நெஞ்சு ஒரு நிமிடம் நின்றுவிடும்.

சிறுவன் வளர்ந்து வாலிபன் ஆன பிறகு, அந்த ரவுடி கையில் சிக்குகிறான். பழி வாங்கலாம். கேட்பார் யாரும் இல்லை. ராபினின் கை ஓங்குகிறது. ஆனால் அவன் அடித்துக் கொல்லவில்லை. ரவுடி போலீசிடம் போகிறான்.

இந்தக் கதையின் முதல் பகுதிக்கு 1993-ம் ஆண்டில் எம்மி பரிசு கிடைத்தது. பெரியவர்கள் பார்க்கும் நேரத்து நிகழ்ச்சிகளுக்குக் கொடுக்கும் பரிசு அது.

பழிக்குப் பழி என்று கத்தும் கதைகள் ஆயிரம் இருக்கின்றன. கையை ஓங்கியவன் அதை இறக்கிக்கொள்வதுதான் வீரம் என்று சொல்லும் கதை எத்தனை?

அடி வாங்கும் பெண்

இந்தத் தொடரில் புதிதாகப் பிறந்த ஒரு பாத்திரம் ஹார்லி குவின். பால் டினியும் புரூஸ் டிம்மும் சேர்ந்து உண்டாக்கினார்கள். முதலில் டெலிவிஷனில் வந்து, பிறகுதான் படக்கதைப் புத்தகத்துக்குப் போனாள். சினிமாவிலும் வந்துவிட்டாள்.

அவள் படித்த பெண். மனநோய் மருத்துவமனையில் வேலை பார்த்தவள். அங்கே இருந்த ஜோக்கர் என்ற கொடியவன் மீது காதல் கொண்டாள். அவனுக்காக எல்லாவற்றையும் விட்டாள். அவன் திட்டுகிறான். தள்ளுகிறான். துரத்துகிறான். அவளோ, "அவருக்கு என் மேல் பிரியம்தான்" என்று சொல்லிக்கொண்டு திரும்பத் திரும்பப் போகிறாள்.

இப்படிப்பட்ட பெண் எந்த ஊரில் இல்லை?

1994-ம் ஆண்டில் வந்த ஒரு கதையில் அவள் விடுதலை ஆகிறாள். ஒழுங்காக வாழ நினைக்கிறாள். கடைக்குப் போய்ப் பணம் கொடுத்து ஒரு கவுன் வாங்குகிறாள். கடைக்காரர்கள் மாட்டிவைத்த திருட்டுத் தடுப்பு வில்லையை எடுக்க மறந்துவிட்டார்கள். வாசலில் மணி அடிக்கிறது. காவலாளி பிடிக்க வருகிறான். அவள் பயந்து ஓடுகிறாள். ஒரு சின்ன விஷயம் பெரிதாகி ஊரே அவளைத் துரத்துகிறது. மறுபடியும் பிடிபடுகிறாள்.

கடைசியில் பேட்மேன் அவளுடைய அறைக்கு வருகிறான். அந்தக் கவுனை அவளிடம் கொடுக்கிறான். "எனக்கும் ஒரு கெட்ட நாள் வந்தது உண்டு" என்கிற மாதிரி ஆறுதல் சொல்கிறான்.

ஜெயிலிலிருந்து வந்தவரைக் கண்டால் நாம் கதவைச் சாத்துகிறோம். பேட்மேன் கவுனைக் கொண்டுபோய்க் கொடுத்தான்!

"குழந்தை பயந்துவிடாதா?"

இப்படிச் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தப் படத்தில் இருட்டு இருக்கிறது. துப்பாக்கி இருக்கிறது. துயரம் இருக்கிறது. ஆகவே மிகச் சிறு குழந்தைக்கு இது வேண்டாம். பள்ளிக்கூடத்தில் இரண்டு மூன்று வகுப்பு படித்து, கதை கேட்டுப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்குக் காட்டலாம்.

வேறு பல பொம்மைப் படங்களிலும் அடிதடி உண்டு. அடி விழும். யாருக்கும் வலிக்காது. அடுத்த நிமிடம் எழுந்து சிரிப்பார்கள். அதைப் பார்த்து வளரும் பிள்ளை, அடித்தால் வலிக்காது என்று நினைத்துக்கொள்ளும். இந்தப் படத்தில் அடித்தால் வலிக்கிறது. செத்தவர்கள் திரும்பி வருவது இல்லை. எனக்கு இதுதான் நல்லதாகத் தோன்றுகிறது.

"வில்லன் மீது இரக்கம் வந்தால் பிள்ளை கெட்டுப்போகாதா?" என்றும் கேட்கலாம். கெட்டுப்போகாது. இரக்கம் வேறு. மன்னித்து விட்டுவிடுவது வேறு. பனி மனிதனுக்காக வருந்துகிறோம். அவன் ஜெயிலுக்கும் போகிறான். இரண்டும் ஒன்றாக நடக்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிள்ளை, பள்ளிக்கூடத்தில் திருடிப் பிடிபட்ட பையனைக் கல்லால் அடிக்காது. அவனுடன் சேர்ந்து திருடவும் செய்யாது.

குறைகளும் உண்டு

குறை இல்லாத படம் இல்லை. இதிலும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும்.

வில்லன்களை எல்லாம் ஒரு மனநோய் மருத்துவமனையில் அடைக்கிறார்கள். இதைப் பார்க்கும் குழந்தை, மனநோய் உள்ளவர் எல்லாம் கொலைகாரர் என்று நினைத்துவிடலாம். அது தவறு. மனநோயும் ஒரு நோய். அந்த நோய் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்யாதவர்கள்.

ஹார்லி அடிபடுவதைச் சில இடங்களில் வேடிக்கையாகக் காட்டியிருக்கிறார்கள். அது சிரிக்கிற விஷயம் அல்ல.

85 கதைகளும் ஒரே தரம் என்றும் சொல்ல முடியாது. சில கதைகள் சப்பென்று இருக்கும்.

இந்தக் குறைகளுக்காகப் படத்தைத் தள்ளிவிட வேண்டுமா? வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். "அது சரி அல்ல, கண்ணே!" என்று சொல்ல ஒரு பெரியவர் அங்கே இருந்தால், படத்தின் குறையும் பாடம் ஆகிவிடும். யாரும் இல்லாவிட்டால், நல்ல படமும் வீண்தான்.

பழைய நடிகருக்கு மரியாதை

இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கதை உண்டு. "சாம்பல் நிற ஆவி" என்று ஒரு வீரன். பேட்மேன் சிறுவனாக இருந்தபோது டெலிவிஷனில் பார்த்த வீரன். அந்த வேடத்தில் நடித்தவருக்கு இப்போது வயதாகிவிட்டது. வேலை இல்லை. வாடகை கொடுக்கப் பணம் இல்லை. தன் பழைய உடையையும் பொருள்களையும் விற்றுவிட்டார். தன்னை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று மனம் நொந்து இருக்கிறார்.

பேட்மேன் அவரைத் தன் குகைக்கு அழைத்துப் போகிறான். அங்கே அவருடைய படங்களையும் பொருள்களையும் பத்திரமாக வைத்திருக்கிறான். சின்ன வயதில் தன் அப்பாவுடன் சேர்ந்து அவருடைய நாடகத்தைப் பார்த்ததாகச் சொல்கிறான். அவரைப் பார்த்துத்தான் தான் இப்படி ஆனதாகவும் சொல்கிறான். கிழவரின் முகம் மலர்கிறது.

அந்தக் கிழவருக்குக் குரல் கொடுத்தவர் யார் தெரியுமா? ஆடம் வெஸ்ட்! 1966-ம் ஆண்டில் பேட்மேனாக நடித்தாரே, அவரேதான். பழைய பேட்மேனுக்குப் புதிய பேட்மேன் செய்த மரியாதை அது. ஆடம் வெஸ்ட் 2017-ம் ஆண்டில் காலமானார்.

என்ன செய்யலாம்?

அந்தக் கதையில் ஒன்றைக் கவனித்தீர்களா? சிறுவன் தனியாகப் பார்க்கவில்லை. அப்பாவுடன் சேர்ந்து பார்த்தான். அந்த அப்பா சீக்கிரமே போய்விட்டார். ஆனால் அவருடன் உட்கார்ந்து பார்த்த நேரம், பிள்ளையின் மனதில் கடைசி வரை நின்றது.

ஆகவே வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அடுப்பை அணையுங்கள். செல்போனைத் தூர வையுங்கள். பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருங்கள். பனி மனிதன் கதையிலிருந்து ஆரம்பியுங்கள்.

படம் முடிந்ததும் பிரசங்கம் செய்யாதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

"அவன் ஏன் அப்படி ஆனான்?"

பிள்ளை யோசிக்கும். ஏதாவது பதில் சொல்லும். அந்தப் பதிலைக் கேளுங்கள். நாளைக்கு வீட்டிலோ தெருவிலோ யாராவது தப்புச் செய்தால், கல்லை எடுப்பதற்கு முன்பு அந்தப் பிள்ளை அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கும்.